ஒன்றாம் எண்

வின்டர்தூர். மாலை நான்கு. ஆலங்கட்டி மழை.
உள்ளே ஒலிச்சோதனை நடக்கிறது:
டிரம் மட்டும், திரும்பத் திரும்ப,
சாவி தொலைத்தவன் கதவைத் தட்டுவதுபோல.

ரேட்டோ மார்க்கர் பேனாவோடு வருகிறான்.
புறங்கையில் வரிசை எண் எழுதுவது அவன் வேலை,
யாரும் கொடுக்காத வேலை.
எனக்கு ஏழு, எண்ணெய் தெறித்த தழும்பின் மேல்.

இன்று இரண்டிலிருந்து தொடங்குகிறான்.
ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை.

பாஸலுக்கு, லொசானுக்கு, போன மாதம் உல்முக்கு
இந்த நாலு பேர் வாத்தியங்களுக்குப் பின்னால்
கடைசி ரயிலில் ஒருவர்மேல் ஒருவர் தூங்கி வழிந்திருக்கிறோம்.
குடும்பப்பெயர் தெரியாது.
யாருக்குக் கடலை ஆகாது, தெரியும்.
யார் எந்தப் பாட்டுக்கு அழுவார்,
அப்போது எந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பதும்.

கதவு திறக்கிறது. ஓட்டம்.
முன்கம்பியில், இடப்பக்க ஸ்பீக்கரருகே
ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு நிற்கிறோம்.
எவனோ நுழையப் பார்க்க
ரேட்டோ முழங்கையை நீட்டி, “ஆள் வருது” என்கிறான்,
சுவிஸ் ஜெர்மனில்தான்.
எனக்கென்னவோ
பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்ட குரலாகக் கேட்டது.

மூன்றாம் பாட்டில் வெரேனா வந்து சேர்ந்தாள்,
ஆஸ்பத்திரிச் செருப்போடு, ஈரத் தலையோடு.
பேசவில்லை. கையை நீட்டினாள்.

பேனா காய்ந்திருந்தது.
அழுத்தி, இரண்டு முறை இழுத்தான்.