விலகிய புள்ளி

சஸ்கடூனில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
தோள்வரை ஏறும் கையுறை மாட்டிக்கொண்டு
பசுவின் இடப்பக்கத்து ரப்பர் மூடியைத் திறக்கிறேன்.
ஆவி முகத்தில் அடிக்கிறது.
இந்த மாகாணத்திலேயே இப்போது
வெதுவெதுப்பான இடம் இவள் இரைப்பைதான்.

கை நுழையும்போது திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.
அசை போடுவாள்.
மேலே நனைந்த பாய் போல் தீவனம்,
அதற்கடியில் புளித்த குளம்.
இரண்டு மணிக்கு ஒரு குப்பி, நாலு மணிக்கு ஒன்று,
துணியில் வடிகட்டி, அமில அளவு குறித்து,
பனிக்கட்டிக்குள் செருகி வைக்கவேண்டும்.

எட்டுப் பசு, நாலு தீவனம், நாலு சுற்று.
காதில் மஞ்சள் அட்டை. பெயர் கிடையாது.
பெயர் வைத்தால் சராசரி எடுக்க மனசு வராது
என்பார் பேராசிரியர் ஹிரின்சுக்.
தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆர்லன் மட்டும்
7712-ஐ 'மேயரம்மா' என்பான்:
எல்லோருக்கும் முன்னால் தொட்டிக்கு வருவாள்,
எதையும் முடிக்கமாட்டாள்.

மூன்றாம் சுற்றில், பதினெட்டாம் நாள்,
மேயரம்மா தொட்டிக்கு வரவில்லை.
அமில அளவு ஐந்துக்கும் கீழே.
நிற்கமுடியாமல் காலை மாற்றி மாற்றி ஊன்றினாள்.
நான் வாங்கிய பட்டம் சொன்னது: மருந்து கொடு.
வாங்கப்போகிற பட்டம் சொன்னது:
இன்னும் மூன்றே குப்பி, பொறு.

ஆர்லன் ஒன்றும் பேசவில்லை.
சோடா உப்பு வாளியை என் காலருகே வைத்துவிட்டு
பனி அள்ளப் போய்விட்டான்.

ஒரு குப்பி நிரப்பினேன்.
இதை எழுதித்தான் ஆகவேண்டும்:
முதலில் ஒரு குப்பி நிரப்பினேன்.
பிறகுதான் உப்பைக் கரைத்து உள்ளே ஊற்றினேன்.

தொண்ணூற்று நான்காம் பக்கத்தின் அடியில்
சின்ன எழுத்தில் இருக்கிறது:
'ஒரு விலங்கு மருத்துவக் காரணங்களுக்காக நீக்கப்பட்டது.'
தேர்வாளர்கள் பார்லியின் ஈரப்பதம் பற்றிக் கேட்டார்கள்,
மீத்தேன் பற்றிக் கேட்டார்கள்,
கை குலுக்கினார்கள். கேக் வெட்டினோம்.
அவள் இல்லாத வரைபடத்தில்
கோடு ஒழுங்காகத்தான் ஏறுகிறது.

அவள் பிழைத்துக்கொண்டாள்.
இப்போது வேறொரு மாணவியின் கை.

அந்தக் குப்பி மட்டும்
மைனஸ் எண்பதில் கிடக்கிறது,
என் கையெழுத்தில் தேதியோடு.
எந்தக் கணக்கிலும் சேராதது.
உறைபெட்டியில் இடமில்லை, எறிந்துவிடலாமா என்று
ஆய்வகத்திலிருந்து கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

பதினோரு நாளாயிற்று.
பதில் போடவேண்டும்.