நவம்பர்ப் பலகை

மாடிப்படியின் அடியில் நிற்கும் பலகையை
ஈரத்துணியால் துடைக்கிறேன்.
ஒக்டோபர் முழுதாய்ப் போக மறுக்கிறது.
‘வயலின்’ என்றதில் ‘லி’ மட்டும்
வெள்ளைப் புகையாய் ஒட்டிக் கிடக்கிறது.

கீழே பிரிஜ் திருத்தும் கடை.
மேலே எங்கள் ஜாஸ் கிளப்:
புளியந்தீவில் நாற்பத்திரண்டு கதிரை,
அதில் ஒன்று ஆடும்.

முதல் சனி, மெல்றோய் செல்லர், சாக்ஸபோன்.
எழுதிவிட்டுப் பக்கத்தில்
சின்னதாய் ஒரு கேள்விக்குறி.
போன கிழமை கல்லடிப் பாலத்தில்
ஸ்கூட்டர் சறுக்கி முன்பல் போய்விட்டது.
பல்லில்லாமல் ஊதினால் காற்றுத்தான் வருகுதாம்.
‘அதுவும் ஒரு சுரந்தான்’ என்று சிரிக்கிறான்
வாயைப் பொத்திக்கொண்டு.
கல்முனைப் பல் டொக்டர் வியாழன் என்றார்,
மறுகா வெள்ளி என்றார்.
இன்னும் முளைக்காத ஒரு பீங்கான் பல்லில்
தொங்குகிறது எங்கள் மாதம்.

இரண்டாம் சனி, கொழும்பிலிருந்து மூவர்.
அவர்களின் டபுள் பேஸ்
கார்ட் பெட்டியில் படுத்தபடி வரும்,
இறக்க ஆள் வேண்டும் என்று கடிதம்.
ஆளுக்கென்ன, படிதான் ஒடுக்கம்.
பியானோவையே
ஜன்னலைக் கழற்றித்தான் ஏற்றினோம்.
மாரி தொடங்கினால் அதன் நடுக்கட்டை ஒன்று
அமுங்கினபடி கிடக்கும், எழும்பாது.
வருகிறவர்களிடம் சொல்லவேண்டும்:
வெள்ளம் அறுத்த றோட்டைச்
சுற்றிப் போவதுபோல
அந்தச் சுரத்தைச் சுற்றிப் போங்கள்.

பாடும் மீன் எத்தனை மணிக்கு என்று
இன்றைக்கும் ஓர் உல்லாசப் பயணி கேட்டார்.
அவை எங்கள் பட்டியலில் இல்லை என்றேன்.
முற்பணம் வாங்குவதுமில்லை,
சொன்ன நேரத்துக்கு வருவதுமில்லை.

மூன்றாவதைத் தாண்டி நாலாவதை எழுதுகிறேன்.
காத்தான்குடி இஸ்ஸத், பேஸ் கிற்றார்.
புடவைக்கடை பூட்டிவிட்டு வருவான்,
முழத்துக்கு முழம் அளந்த கை.
அன்றைக்குப் போயா. பியர் இல்லை,
தேசிக்காய்த் தண்ணி உண்டு.

இப்போது பலகையின் நடுவில் ஒரு கருமை.
அதற்குள் என்ன வரும் என்று
முன்கூட்டி எழுதுவதே ஒரு பொய்தான்.
எந்தப் பாட்டு எங்கே திரும்பும் என்று
வாசிக்கிறவனுக்கே தெரியாது.
நான் எழுதக்கூடியது
கிழமை, மணி, பெயர்.

பதினொரு வருடம் வாசலில் டிக்கட் கிழித்தேன்.
யாருமில்லாத செவ்வாய்களில்
நாற்பத்திரண்டு கதிரைக்கும்
கிளாரினட் வாசித்தேன்.
ஒருவருக்கும் சொன்னதில்லை.

போன செவ்வாய் மட்டும்
கீழே கடையில் யாரோ
பழுதான பிரிஜ்ஜின் தகரத்தில்
விரலால் தட்டினார்கள்.
நான் பிந்திய இடத்தில் பிந்தி,
மூச்செடுத்த இடத்தில் நின்று,
நான் தொலைந்துபோன இடத்தில்
மெல்ல, மெல்ல,
இங்கே இங்கே என்று.
வாசித்து முடித்துப் படியிறங்கினேன்.
கதவு பாதி திறந்திருந்தது.
தகரம் ஈரமாய் இருந்தது,
மீன் மணத்தது.

பின்னால் அதே மணம்.
ஐஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து
நேரே வந்து நிற்கிறான் தவேந்திரன்,
எங்கள் ட்றம்ஸ்காரன்.
பலகையின் கருமையைப் பார்க்கிறான்.
என்னைப் பார்க்கவில்லை.
‘எழுதுகா’ என்கிறான்.

மூன்றாம் சனி, கிளாரினட்.
என் பெயரில் நாலு எழுத்து.
ஜெ. சி. ந்.
சோக்கு தீர்ந்துவிட்டது.

காதுக்குப் பின்னாலிருந்து
ஒரு துண்டை எடுத்து நீட்டுகிறான்,
ஐஸ் பெட்டிகளை எண்ணும் நீலச் சோக்கு.
குளிர்ந்து கிடக்கிறது விரலில்.

கடைசி எழுத்து மட்டும் நீலம்.
ஏழரை மணி.
மழையென்றாலும்.