மூன்றாவது ஆள்

ஜலீபில் இன்று புழுதி மஞ்சளாய் இறங்கியிருக்கிறது.
எதிர்க் கட்டிடம் இல்லை, தெரு இல்லை.
வெள்ளிக்கிழமை மட்டும் இருக்கிறது.

லிஃப்ட் பழுது.
ஐந்து மாடி ஏறி வந்தார் ஏசுவடியான் அண்ணன்,
இக்காமா முடிந்து நாற்பது நாள்,
செக்கிங் வண்டிக்குப் பயந்து சந்து சந்தாக.
பாய் விரிப்பது என் வேலை, நான் முன்பே வந்துவிட்டேன்.
பாஸ்டர் வரவில்லை. கீபோர்டுக்காரனும்.

"ரெண்டு பேரு போதுமாடே?"
"ரெண்டோ மூணோன்னுதானே சொல்லியிருக்கு."
"அதுல நான் கணக்குல வருவேனா?
பேப்பர் இல்லாத ஆளு."

சிரிக்க நினைத்தேன், வரவில்லை.
சபை என்றால்
பெயர் சொல்லி வெளியே அழைக்கப்பட்டவர்கள் என்று
போன மாதம்தான் பாஸ்டர் சொன்னார்.
எந்த வாசலில், எந்தப் பட்டியலில் என்று
நான் கேட்கவில்லை.

பிளாக் கட்டுகிறவன் நான்.
மூலைக்கல்லை வைத்து நூல் கட்டினால்தான்
மற்ற கல்லுக்கெல்லாம் இடம் தெரியும்.
முதல் வரிசை மண்ணுக்குள் போய்விடும்,
யாரும் பார்ப்பதில்லை.

போன் அடித்தது. சல்வா வீட்டிலிருந்து பாக்கியம்.
குக்கருக்குப் பின்னால் ஒளித்து வைத்த போன்.
அவள் பேச முடியாது, மேடம் ஹாலில்.
அண்ணன் சங்கீதம் வாசித்தார், எழுத்துக்கூட்டி.
முடிந்ததும் அங்கே
பாத்திரத்தில் கரண்டி இரண்டு முறை தட்டியது.

அதுதான் ஆமென்.

ஒரு குபூஸை இரண்டாகப் பிய்த்தோம்,
பிறகு எதற்கோ மூன்றாக.
அந்தத் துண்டு தட்டிலேயே இருந்தது.

இறங்கும்போது நான் முன்னே போனேன்.
முக்கில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து,
வண்டி இல்லை என்று
அவருக்குக் கை காட்டினேன்.