வெளியானவன்

பாதிரியாரின் எழுத்து வலப்பக்கம் சாயும்.
ஏழை ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் மை செலவழிக்காதவர்:
கெத்தில், வயது முப்பத்தொன்று,
டிசம்பர் பன்னிரண்டு, மேட்டுநிலத்தில் வெளியானான்.

உறைந்து போனவனை
எங்கள் ஐஸ்லாந்து மொழி அப்படித்தான் சொல்லும்.
செத்தான் என்றோ விறைத்தான் என்றோ இல்லை.
வீடு என்று ஒன்று இருந்தது,
அவன் அதற்கு வெளியே ஆகிவிட்டான்,
அவ்வளவுதான்.

நான் மீன் கிடங்கில் வேலை பார்க்கிறவன்.
மைனஸ் இருபத்துநாலில் பெட்டி அடுக்கிப் பத்தொன்பது வருஷம்.
குளிரைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.
சனிக்கிழமைகளில் ஆவணக் காப்பகம்.
ஹீட்டர் பக்கத்து நாற்காலி,
சுருளைச் சுற்றும் கைப்பிடி,
ஒரு தலைமுறை பின்னால், இன்னொன்று பின்னால்,
தோள் வலிக்கும்வரை.

தேடாதபோது கிடைத்தது வணிகனின் நாட்குறிப்பு.
எடையில் என்ன செய்தானோ,
வானிலையை ஒழுங்காக எழுதியிருக்கிறான்.
பதினொன்று: கெத்தில் வந்தான். காப்பி அரை ராத்தல், கற்கண்டு,
சிவப்புப் பட்டு நாடா ஒரு முழம். கடன்.
பன்னிரண்டு: காற்று இல்லை. நிலா. லேசான உறைபனி.
பதினாறு: கெத்திலின் கடன் தீர்ந்தது.
கட்டியவன் தோர்லாக்குர்.

தோர்லாக்குர் அதே பண்ணையின் கூலியாள்.
சோற்றுக்கும் வருஷத்துக்கு ஒரு சட்டைக்கும் உழைத்தவன் கையில்
வெள்ளிக்காசு ஏது?
தேடப் போனவர்கள் திரும்பும் முன்னே
காணாமல் போனவனின் கணக்கை
யார் போய் நேர் செய்வார்?
வணிகன் கேட்கவில்லை.
காசை எண்ணிப் போட்டுக்கொண்டான்.

உடல் கிடைத்தது ஏப்ரலில், ஓடைக்கு அந்தப் பக்கம்.
அதன்பின் சொத்துப் பட்டியல்:
பெண்ணாடு இரண்டு. சேணம், பழையது.
ஜெபப் புத்தகம், அட்டை போனது.
கம்பளிக் கையுறை ஒரு ஜோடி, நல்ல நிலையில்.

அங்கே சுருளை நிறுத்தினேன்.
டிசம்பரில் மேட்டைக் கடக்கிறவன்
நல்ல கையுறையை வீட்டில் விட்டுவிட்டா போவான்?
இன்னொரு ஜோடி இருந்திருக்கலாம்.
இருந்திருக்கலாம் என்று என்னிடம் நானே சொல்லிப் பார்த்தேன்,
உரக்க. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்தார்.
நாடா பட்டியலில் இல்லை.

மனைவி சால்வோர் மே மாதம் பெற்றெடுத்தாள்.
ஞானஸ்நானப் பதிவு: ரன்வேக், கெத்திலின் மகள்.
எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது,
அப்பன் பெயர்தான் ஆயுசுக்கும் கூட வரும்.
பத்து வருஷம் கழித்துக் குடிக்கணக்கில்
அதே பண்ணை, அதே தாய், அதே சிறுமி:
ரன்வேக், தோர்லாக்குரின் மகள்.
அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை.
கை நடுங்கிய அடையாளமும் இல்லை.

அந்த ரன்வேக்
என் அம்மாவைப் பெற்றவளைப் பெற்றவள்.

அந்தக் காலத்துக் கடல் கையுறைக்குக் கட்டைவிரல் இரண்டு.
உள்ளங்கை தேய்ந்தால்
திருப்பிப் போட்டுக்கொண்டு துடுப்பு வலிக்கலாம்.
நானும் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.
கொன்றவன் வாய்மூடக் கட்டிய காசு.
அல்லது விதவைக்கு மாவும் எண்ணெயும் நின்றுவிடக் கூடாதென்று
ஒருவன் தன் தாயின் வெள்ளிப் பொத்தானை விற்ற காசு.
எந்தப் பக்கம் போட்டாலும்
கை உள்ளே போகிறது,
சூடாகவும் இருக்கிறது.

ஜூனில் கல்லறைக்குப் போனேன்.
கார்ச் சாவியால் பாசியைச் சுரண்டினேன்.
ரன்வேக், என்றது கல்.
அதற்கப்புறம் வெறும் கல்.
யார் மகள் என்று வெட்ட
இடம் நிறையவே இருந்தது.

திங்கட்கிழமை கிடங்கில்
வலது கையுறையைக் கழற்றிவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.
நாற்பதில் விரல்நுனி என்னுடையதாக இல்லை.
எழுபதில் வலி நின்றது, அதுதான் பயமாக இருந்தது.
நூறைத் தொடும் முன்
மேற்பார்வைக்காரி ஸ்தெய்னுன் வாசலிலிருந்து கத்தினாள்:
என்ன மனுஷன் நீ, கதவை மூடு,
குளிரெல்லாம் வெளியே போகிறது.