கொட்டகையில் சாப்பிடுகிறவர்கள்

இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை
தீவைவிட்டு இறங்குகிறோம்.
பெர்ரியின் வயிற்றுக்குள் எங்கள் சின்ன லாரி,
முன்னால் செம்மறிகள் ஏற்றிய வண்டி,
பின்னால் எரிவாயு உருளைகள்.
சக்காவோ நீரிணை அரை மணி நேரம்.
அணைத்த வண்டியின் ஸ்டீயரிங்கை
பால்டொமேரோ விடாமல் பிடித்திருக்கிறான்,
அவன் பிடியில்தான் கடல் நிற்கிறது என்பதுபோல.

கழுத்தில் இருந்தது கட்டி.
கம்பளித் துணி உரசுகிறது என்று
ஒரு குளிர்காலம் முழுக்க நினைத்திருந்தேன்.
நிணநீர் என்று டாக்டர் சொன்னபோது
அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.
உள்ளே இப்படியொரு ஓடை இருப்பதை
நாற்பத்தாறு வருடமாக
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நர்ஸ் இவோன் சிவப்பு மருந்தைக்
கையாலேயே தள்ளுகிறாள், அவசரமில்லாமல்.
மாலையில் கழிப்பறையில் அதே சிவப்பு.
முன்கூட்டியே சொல்லியிருந்தாள்,
அதனால் கத்தவில்லை.

முடி கொத்தாக வரத் தொடங்கியதும்
இஸ்மாயேல் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் மெஷினை
வெந்நீரில் துடைத்துக் கொண்டுவந்தான்.
"காதைப் பிடிக்காதே, நான் ஆடு இல்லை" என்றேன்.
சிரித்தான். பதினேழு வயது.
பிறகு மெஷினை அணைத்துவிட்டு
கொஞ்ச நேரம் என் பின்னாலேயே நின்றான்.

மாத்திரை நாட்களில் தூக்கம் கிடையாது.
விடிகாலை மூன்று மணிக்கு
ஜன்னல் கண்ணாடிகளைத் துடைக்கிறேன்,
வெளியே மழை
அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

நாலாம் நாளிலிருந்து வாசனைதான் எதிரி.
வெங்காயம் வதங்கினால் சுவர்கள் சாய்கின்றன.
மீன் பொரித்தால் தீர்ந்தது.
யாரும் கூடிப் பேசியதாகத் தெரியவில்லை;
ஒரு புதன்கிழமை
சட்டி, அடுப்பு, முக்காலிகள், விளக்கு
எல்லாம் கதவில்லாத படகுக் கொட்டகைக்குப் போய்விட்டன.
தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
மழையில் ஒவ்வொருவராக ஓடினார்கள்.

எனக்குச் சமையலறை முழுவதும்.
ஆறிய ஊதா உருளைக்கிழங்கு, உப்பு, மரக்கரண்டி.
(இரும்பு பட்டால் நாக்கில் ஆணி முளைக்கிறது.)
நான் துடைத்த கண்ணாடி வழியே
நன்றாகவே தெரிகிறார்கள்:
மாமனார் ஏதோ சொல்ல
பால்டொமேரோ தொடையில் அடித்துச் சிரிக்கிறான்.
எனக்காகத்தான் நனைகிறார்கள்.
நன்றி தோன்றியிருக்க வேண்டும்.
பொறாமை தோன்றியது.
எல்லாரும் என்னைத் தைரியசாலி என்பதால்
இதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றாம் சுற்றுக்கு ஹோர்த்தென்சியா வந்தாள்.
அப்பாவின் நிலம் விற்ற நாளிலிருந்து
ஆறு வருடம் முகம் கொடுக்காத என் அக்கா.
மரத்துப்போன விரல்களால் நான்
கோட்டுப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.
"விடு" என்றாள்.
கழுத்துவரை போட்டுவிட்டாள்,
ஒரு துளை தவறி, கோணலாக.
நிலத்தைப் பற்றி அவள் பேசவில்லை,
பட்டனைப் பற்றி நானும் பேசவில்லை.
அப்படியே பெர்ரி ஏறினேன்.

ஐந்தாம் சுற்று முடிந்த வாரம்
என் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு
கொட்டகைக்கு நடந்தேன்.
பார்த்ததும் சட்டியை மறைக்கப் பதறினார்கள்,
திருட்டுக் கோழி பிடித்தவர்கள்போல.
"இருக்கட்டும், பொரியட்டும்" என்று உட்கார்ந்தேன்.
மாமனார் அதே கதையைத்
திரும்ப முதலிலிருந்து சொன்னார்.
அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தபோது இருந்த அளவுக்கு
அது வேடிக்கையான கதை இல்லை.

பதினோரு நிமிடம் தாங்கினேன்.
பிறகு வெளியே, மழையில், குனிந்து, எல்லாம் வந்தது.
அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்,
ஒதுக்கிப் பிடிக்க முடி இல்லையே.

திரும்பிப் பார்த்தபோது
யாரோ என் முக்காலியை
அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி,
காற்று வரும் பக்கமாகப் போட்டிருந்தார்கள்.
எடுத்துவிடவில்லை.