ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில்

இரண்டு பெட்டிகளும் ரொடெலின் கட்டில்மேல் கிடந்தன.
கன்னம் இரண்டிலும் மரம் வைத்தது ஒன்று,
என்னைவிட நான்கு வயது மூத்தது.
மற்றது கறுப்பு.
ஆயிரத்துச் சொச்சம் குரல்களுக்கு எண் போட்டு
வயிற்றுக்குள் அடுக்கி வைத்திருப்பது.

குதைபியாவில் ஒரு கஃபட்டேரியாவின் மாடி.
ஓட்டல் பேண்டைக் கலைத்துவிட்டார்கள்.
திங்கட்கிழமை அவனுக்கு மணிலா விமானம்.
எதை எடுத்தாலும் நூற்றெண்பது தினார் என்றான்.

சதக்கத்துல்லா வியாழன் இரவே பாலம் கடந்து வந்திருந்தான்.
கோபாரில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன்,
எதற்கும் சுருதி பார்க்கிறவன்.
"அந்தப் பக்கம் கரண்டே வேற சுருதி, தெரியுமா?
இங்க அஞ்சு கட்டைக்கு மயிரிழை மேல.
அங்க ஆறரையும் இல்லாம ஏழும் இல்லாம
நடுவுல நின்னு இரையும்."
அந்தப் பாலத்தை நானும் பதினோரு முறை கடந்திருக்கிறேன்.
சாவடியில் எந்த வரிசை நகர்கிறது என்று
பார்த்ததோடு சரி.

ஏசியை அணைத்தோம். ஆகஸ்ட்.

முதலில் மரக்கன்னம்.
ஒரே அலை, ரம்பப் பல் அலை.
பூட்டிய கடையின் ஷட்டரை
ஒரு சாண் தூக்கினாற்போல்
ஃபில்டரைத் திறந்தான் ரொடெல்.
கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டையைப் பிடித்தான்.
அது மூச்சு விட்டது.
சத்தியமாக.
உப்பி, வடிந்து, உப்பி,
நொடிக்கு ஒன்று,
சில மூச்சு யோசித்துத் தாமதமாக.

பிறகு கறுப்பு.
அதே சுரம், அதே ரம்பம்.
துடைத்த கண்ணாடி, ஒரு விரல்ரேகை கிடையாது.
நூற்றுப் பதினேழாவது குரலுக்கு மழை என்று பெயர்.
அதை மட்டும் நான்கு முறை கேட்டோம்.

வெக்கை ஏற ஏற
மரக்கன்னம் கால் கட்டை இறங்கிவிட்டது.
ரொடெல் ஸ்க்ரூடிரைவரை எடுத்து
முதுகில் ஒரு திருகைத் தொட்டான்,
காது குடைகிறவனின் கவனத்தோடு.

"ரெண்டு நாட்டுல வாசிக்கிறவன் நான்,
எனக்கு மாறாத ஒண்ணு போதும்."
சதக் கறுப்பைத் தூக்கிக்கொண்டான்.
"இதுல உயிர் இருக்கு" என்று
மரக்கன்னத்தை நான் எடுத்தேன்.
விற்கிறவர்கள் சொல்லவேண்டிய வசனத்தை
வாங்குகிற நானே சொன்னேன்.

முஹர்ரக்கில் என் அறையில்
அது மூச்சு விடவில்லை.

கேபிளை மாற்றினேன்.
ஏசியை அணைத்தேன், போட்டேன், அணைத்தேன்.
நல்ல பெட்டிதான். கனத்த, கம்மல் இல்லாத குரல்.
கிளினிக் வரவேற்பில் டோக்கன் கொடுக்கும்போதும்
நொடிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் இரவு, மணி இரண்டு.
ஐந்து கட்டையில் விரலை வைத்துக்கொண்டே தூங்கிவிழுந்தவளை
ஒரு மூச்சு எழுப்பியது.
உப்பி, வடிந்து, உப்பி.
சமையல் மூலையில்
ஃப்ரிட்ஜ் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது.

கஃபட்டேரியா. கீழே ஃப்ரீசர்.
மரக்கன்னத்தின் முறை வந்தபோது அது ஓடியது.
கறுப்பைத் தொடுவதற்கு முன்
டக்கென்று ஒரு சத்தம்;
யாரோ கதவைச் சாத்துகிறார்கள் என்று நினைத்தேன்.
பிரேசில் கோழிகளின் குளிருக்கு
நூற்றெண்பது தினார் கொடுத்திருக்கிறேன்.

சதக்கை எழுப்பினேன்.
நான் எதிர்பார்த்த அளவு அவன் சிரிக்கவில்லை.
"இரு" என்றான்.
எதையோ இழுக்கும் ஓசை, ப்ளக் மாட்டும் ஓசை,
பிறகு போனுக்குள்
ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் ஓர் இரைச்சல்.
அதன்மேல் கறுப்பை ஏற்றிப் பிடித்தான்.
அதுவும் மூச்சு விட்டது,
ராணுவ அணிவகுப்புபோல், பிசகாமல்.

"உன்னதை வாசி."
வாசித்தேன்.
"இன்னொரு தடவை."

"இப்பச் சொல்லு, எது?" என்று நான் கேட்கும்போது
என் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது.
கொஞ்ச நேரத்தில் அவனுடையதும்.
போனை வைக்காமல்
இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்,
எது முதலில் ஓடும் என்று.