தொண்ணூற்றாறாம் பக்கத்தில் மஞ்சள்

அஸர் தொழுதாயிற்று.
ஒரு சுண்டு புது அரிசி, அரைச் சுண்டு பயறு,
உள்ளியும் இஞ்சியும் தட்டிப் போட்டு
றம்பை இலையொன்றை முடிந்து மிதக்கவிட்டேன்.
இந்த வருடம் நோன்பும் வெட்டும்
ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்துவிட்டன.
வட்டைப் பக்கம் மெஷின் இரைகிறது,
ஜன்னல் கம்பியில் வைக்கோல் தூசு.
புது அரிசி பொல்லாதது.
சொல்லாமல் குழையும்,
கண்ணெடுத்தால் அடிப்பிடிக்கும்.

கண்ணெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.
உப்பு டின்னில் சாய்த்து வைத்திருக்கிறேன்
நிந்தவூர் நூலகத்துப் புத்தகத்தை.
வியாழக்கிழமை தவணை,
இன்னும் முப்பத்தெட்டுப் பக்கம்.

அதில் ஒரு பெண், பெயர் வாயில் நுழையாது,
உறைந்த ஆற்றை நடந்து கடந்து
அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.
பதினைந்து பக்கமாகத் தட்டுகிறாள்.
அக்கா திறக்கவில்லை.
கதவுக்கு அந்தப் பக்கம்
கோவாவும் எலும்பும் போட்ட சூப்பு கொதிக்கிறது,
வாசல் இடுக்கால் அதன் ஆவி வருகிறது.
நோன்பு பிடித்தவள் படிக்கிற பக்கமா இது?
படித்தேன். மூன்று தரம்.
எனக்கு முதுகில் வியர்வை வழிய
அவளுக்கு இமையில் பனி உறைந்தது.

தேங்காய்ப்பால் விட்டேன்.
உப்புப் பார்க்க முடியாது.
நாக்கு நுனியில் வைத்துத் துப்பலாம் என்பார்கள்,
எனக்கு அந்தத் துணிவில்லை.
கொஞ்சம் கண்ணளவு, கொஞ்சம் கையளவு,
மிச்சம் அல்லாஹ்வின் அளவு.

இந்தப் புத்தகத்தில் இன்னொரு கதையும் உண்டு.
தொண்ணூற்றாறாம் பக்கத்தில்
ஒரு மஞ்சள் பெருவிரல்.
ரேகை பிசகாமல் பதிந்திருக்கிறது.
அந்த இடத்தில்தான் கடிதத்தை அடுப்பில் போடுகிறார்கள்.
மீனுக்கு மஞ்சள் தடவிய யாரோ
கை கழுவும் நேரம்கூடப் பொறுக்காமல்
தாளைப் புரட்டியிருக்கிறார்.
பின்னட்டைச் சீட்டில் முத்திரைகள்:
போன நோன்பு மாதம் ஒன்று,
அதற்கு முன் நாலு வருடம் வெறுமை.
கமர்நிஸா மிஸ்ஸாக இருக்குமோ?
அவ உறை மாட்டித்தான் மீன் தொடுவா.
ஆஸ்பத்திரி றோட்டு ஹபீலாவா?
அவவுக்குப் பனி பிடிக்காது, ஐஸ்பழமே தின்னமாட்டா.

இப்படி ஊர் முழுக்க விரல் தேடிக்கொண்டிருந்தபோது
புகை வந்தது.

அடியைச் சுரண்டாமல் மேலாக மொண்டு
ஏழு கோப்பை நிரப்பினேன்.
பக்கத்து வீட்டு அஃப்ரான் ஒன்றைக் கொண்டு போனான்,
போன கோப்பை நாலு வாய்ப்பனோடு திரும்பி வந்தது,
அதுவும் ஒரு பக்கம் கருகல்.
அந்த வீட்டில் என்ன படிக்கிறார்களோ.

பாங்கு சொன்னது.
பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி.
முனவ்வர் ஒரு மிடறு குடித்தார்.
இன்னொரு மிடறு.
கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்:
"அந்தப் புள்ள உள்ளுக்குப் போயிட்டாளா?"
"எந்தப் புள்ள?"
"ஆத்தக் கடந்து வந்தவள்."

அவருடைய வலது பெருவிரலைப் பார்த்தேன்.
இருபத்தொரு வருடமாக
எங்கள் வீட்டு மீனுக்கு மஞ்சள் தடவுகிற விரல்.
போன நோன்பில் நான் பயிற்சிக்கு மகரகம போனேன்,
பத்து நாள்.
பத்திரிகையில் நெல்விலை தவிர
எதுவும் படிக்காத மனிதர் என்று
பயிற்சியில் யாருக்கோ சொல்லியும் இருந்தேன்.

"சொல்லாதீங்க" என்றேன்.
"நான் என்னத்தச் சொல்றன்" என்று
புகை மணக்கும் கஞ்சியை
இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார்.

சஹருக்கு எழும்பியபோது மணி மூன்றரை.
சோறும் எருமைத் தயிரும் சீனியும்,
கோழிக்கூட்டு வாழைப்பழம் இரண்டு.
மேசைக்கு எதிரே அவர் பழத்தைப் பிசைகிறார்,
உதட்டை இறுக்கிக்கொண்டு,
கண் மட்டும் என் பக்கங்களின் மேல்.
இன்னும் பதினொரு பக்கம்.
பானை அடியில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்திருக்கிறேன்.
அவள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறாள்.